பட்டி பார்த்த ஓட்டை

காரை நிறுத்திவிட்டு வீரணன் கதவைத் திறப்பதற்குள் ஒரு கல் வந்து பானெட்டில் விழுந்தது.

"வரவேற்பு பலமாத்தேன் இருக்கு அக்கா. மாலை மட்டுந்தேன் பாக்கி," என்றான்.

ரீட்டா இறங்கி நின்று தெருமுனையைப் பார்த்தாள். இரண்டு பைக்குகளில் சாய்ந்தபடி நாலு பேர் நின்றார்கள். கல்லெறிந்தவன் ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணை நிதானமாகத் தட்டிவிட்டு அவளையே முறைத்தான்.

பழனிசெட்டிபட்டியின் அந்தத் தெருவில் ஒரு வாரமாக இதுதான் நிலவரம். ஸ்டான்லியின் பட்டறையில் உடையாத கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. வாழை நாரையும் கண்ணாடி நாரையும் ரெசின் பசையில் ஊறவைத்து, பலகையாக அச்சில் வார்க்கிறவன் ஸ்டான்லி. அவன் வார்த்த பலகைதான் 'மலைராணி' என்ற ஜீப்பின் பின்கதவு. போன வாரம், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்த அந்த ஜீப்பின் பின்கதவு, ஒரு வளைவில் கீலோடு பிய்ந்துகொண்டு விழுந்தது. கதவில் சாய்ந்திருந்த மாயக்காளும் கூடவே விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கில் 'நார்க்கதவு' என்றால் எமன் என்று அர்த்தம்.

ரீட்டா ராயப்பன்பட்டிக்காரி. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்தே பாதி வயது போயிற்று. பிறகு தேனியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்த வீரணன் அவளுக்கு டிரைவராக வந்தவன். வாயை மூடத் தெரியாதவன். சந்தேகப்பட்ட ஆள் எரிச்சலில் உளறிவிட அந்த வாய் பல தடவை உதவியிருப்பதால், அவனை உதவியாளனாகவே வைத்துக்கொண்டாள்.

"குனிஞ்சு வாங்க மேடம்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஷட்டரை முழுசாத் தூக்குனா கல்லு உள்ள வரும்."

ஸ்டான்லிக்கு நாற்பது வயதிருக்கும். தாடி மழிக்காத முகம், தூங்காத கண். அவன் மனைவி கிளாரா பட்டறையின் கடைசியில், உப்புத்தாளால் ஒரு பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவுகளைத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, ஜீப்புகளின் பெயரை எழுதுவது வரைக்கும் அவள் வேலை. வந்தவர்களை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஸ்டான்லி இரண்டு பலகைத் துண்டுகளை டிரில்லிங் மெஷினில் வைத்தான்.

"இது வெறும் கண்ணாடி நார். இது நம்ம சரக்கு. உள்ள வாழை நாரு, மேலயும் கீழயும் கண்ணாடி நாரு. இப்ப அடியில ஒண்ணுமே வைக்காம ஓட்டை போடுறேன். பாத்துக்கங்க."

மெஷின் கிறீச்சிட்டது. ரெசின் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. இரண்டு ஓட்டைகளும் மேல்பக்கத்தில் ஒழுங்காகத்தான் இருந்தன. திருப்பிப் போட்டதும் கதை மாறியது. கண்ணாடி நார்ப் பலகையில் ஓட்டையைச் சுற்றி வெள்ளை வெளேரென்று படர்தாமரை போல ஒரு வளையம். மற்றதில் கடைசி அடுக்கு கொப்புளம் போல உப்பி, ஓட்டையின் விளிம்பெல்லாம் நார் நாராகத் தொங்கியது.

"ஓட்டைக்கும் ஷேவிங் வேணும்போல," என்றான் வீரணன்.

ஸ்டான்லி மெஷினை நிறுத்தினான். "ஒரு பொம்பள செத்திருக்கு. இவன் சிரிக்கிறான்."

"அவனை விடுங்க," என்றாள் ரீட்டா. "ஏன் இப்படி ஆகுது?"

"பலகைங்கிறது ஒத்தக் கட்டை இல்ல மேடம். பாய்மேல பாயா அடுக்கி ஒட்டுனது. டிரில் மேலேருந்து அறுத்துக்கிட்டே எறங்கும். கடைசிப் பாய்க்கு வர்றப்ப அடியில முட்டுக்குடுக்க ஒண்ணும் இருக்காது. அறுக்கிறதுக்கு முன்னாடியே தள்ளிவிட்டுரும். ஒட்டு விட்டுப்போகும். கண்ணாடி நாரு நொறுங்கும், வாழை நாரு அறுபடாம இழுபடும். அந்த எடத்துல மழைத்தண்ணி போனா வாழை நாரு குடிச்சு உப்பும். போல்ட்டு ஆட ஆரம்பிக்கும். அப்புறம் என்னைக்காவது ஒருநாள் பிச்சுக்கிட்டு வந்துரும்."

பேசிக்கொண்டே பலகைக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து மறுபடி ஓட்டை போட்டான். திருப்பிக் காட்டினான். இந்த முறை அடிப்பக்கமும் சுத்தமாக இருந்தது.

"கட்டை வைக்காம என் பட்டறையில ஒரு ஓட்டைகூடப் போட்டதில்ல. வெளிமூஞ்சி மேல இருக்கும், உள்மூஞ்சி கட்டையில படிஞ்சிருக்கும். கீல் ஓட்டையில உள்பக்கம் கெட்டுப்போயிருந்தா அது ஜீப்புக்காரன் விஜயகுமார் வேலை. கயிறு கட்ட, கொக்கி மாட்டன்னு அவன் இஷ்டத்துக்குக் குடைவான். பழி எனக்கு. நீங்க அதை மட்டும் நிரூபிச்சாப் போதும்."

"கதவு இப்ப எங்க இருக்கு?"

"சுருளிப்பட்டியில. நான் போனா என்னைய அங்கனயே பொதைச்சிருவாக."

---

ஜீப் போலீஸ் ஸ்டேஷனில் நின்றது. கதவு மட்டும் சுருளிப்பட்டி சமுதாயக் கூடத்தில் கிடந்தது. மாயக்காளோடு வேலைக்குப் போன பெண்கள் அதை ரோட்டிலிருந்து சுமந்து வந்திருந்தார்கள். பெரிய அதிகாரி வந்து எதிரில் நின்றால்தான் கொடுப்போம் என்று ஊரே ஒரே பிடியாக நின்றது.

கூடத்து வாசலில் வழியை மறித்தவன் நல்லகண்ணு. மாயக்காளின் அண்ணன். திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிறவன். தோளும் கையும் இரும்பு மாதிரி இருந்தன.

"ஆரு நீங்க?"

"என் பேரு ரீட்டா. துப்பறியிற வேலை. ஸ்டான்லி கூப்பிட்டு வந்திருக்கேன்."

பொய் சொல்லியிருக்கலாமே என்று வீரணன் நினைத்து முடிப்பதற்குள் அவன் சட்டைக் காலர் நல்லகண்ணுவின் பிடியில் இருந்தது. பின்னால் ஆட்கள் கூடிவிட்டார்கள். "ஏலே, காரைக் கவுத்துங்கடா," என்று ஒரு குரல்.

"அண்ணே, கார் என்னோடது இல்ல, அக்காவோடது," என்றான் வீரணன், தொண்டை நெரிபட. "சட்டை மட்டுந்தேன் என்னோடது. அதை விட்டுருங்க."

யாரும் சிரிக்கவில்லை.

ரீட்டா தன் வலது கையை நல்லகண்ணுவிடம் நீட்டினாள். "கதவைப் பாக்கணும், அவ்வளவுதான். நான் எதையாவது அழிச்சிருவேனோன்னு பயமா இருந்தா, இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டே நில்லுங்க."

அவன் உண்மையாகவே பிடித்துக்கொண்டான். மணிக்கட்டு சிவக்கும் அளவுக்கு. அப்படியே இருவரும் உள்ளே போனார்கள்.

பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு. வெளிப்பக்கம் மஞ்சளில் 'மலைராணி' என்று அழகான எழுத்து. கீல் இருந்த ஓரம் முழுக்கக் கிழிந்து, அடுக்கடுக்காக விரிந்து கிடந்தது. கதவின் நடுவில் தனியாக ஒரு ஓட்டை. அதன் உள்விளிம்பெல்லாம் நார் தொங்கியது.

"அக்கா, தாடி!" என்று கிசுகிசுத்தான் வீரணன். ஸ்டான்லி சொன்ன அதே அடையாளம். வழக்கு முடிந்தது என்று அவன் நினைத்தான்.

ரீட்டா அதை ஒரு பார்வையோடு விட்டுவிட்டாள். கிழிந்த ஓரத்தில், பாதி மிஞ்சியிருந்த ஒரு கீல் ஓட்டையின் பக்கம் குனிந்தாள். உள்பக்கத்தில் கட்டைவிரலால் தடவினாள். மற்ற இடமெல்லாம் பாயின் சொரசொரப்பு தெரிந்தது. ஓட்டையைச் சுற்றி மட்டும் கன்னம் மாதிரி வழவழப்பு.

"இங்கன உங்க நகத்தால சுரண்டுங்க," என்றாள் நல்லகண்ணுவிடம்.

"நான் எதுக்கு?"

"நான் சுரண்டுனா நான் கெடுத்துட்டேன்னு சொல்லுவீக."

அவன் முறைத்தபடியே சுரண்டினான். பச்சைப் பெயிண்ட் உரிந்தது. அதற்குக் கீழே மாவு மாதிரி எதுவோ உதிர்ந்தது. அதற்கும் கீழே வெள்ளையாக உப்பிய வளையமும், படிய வைத்து ஒட்டப்பட்ட நார்களும் தெரிந்தன.

"என்னது இது?"

"இன்னொருத்தரையும் பாத்துட்டுச் சொல்றேன். உங்க தங்கச்சி எப்பவும் கதவோரமா உக்காருவாகளா?"

நல்லகண்ணுவின் பிடி ஒரு கணம் தளர்ந்தது. "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுக் கடைசியாத்தான் ஓடியாந்து ஏறுவா. மிஞ்சுற எடம் அதுதானே." உடனே குரல் தடித்தது. "பாத்தாச்சுல்ல? கெளம்பு. உன்னை அனுப்புனவன்கிட்ட சொல்லு, அவன் எங்கன ஒளிஞ்சாலும் நான் வருவேன்னு."

"உங்க நம்பர் குடுங்க."

எதற்கு என்று கேட்காமல், காறித் துப்புகிற மாதிரி நம்பரைச் சொன்னான்.

---

மார்க்கையன்கோட்டையில், வாய்க்காலை ஒட்டிய தகர ஷெட்டில் விஜயகுமார் இருந்தான். ஸ்டான்லி பெயரைக் கேட்டதும் வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ரெண்டு பக்கமும் அடி வாங்குறவன் நான். ஊர்க்காரன் என்னைய அடிக்கிறான், போலீஸ் என்னையக் கூப்பிட்டு உக்கார வைக்கிது. இப்ப அந்தாளு துப்பறியிற ஆளை வேற அனுப்புறானா?"

"கதவு நடுவுல ஓட்டை போட்டது நீங்களா?" என்றாள் ரீட்டா.

"ஆமா. நாந்தேன். வளைவுல பொம்பளைக பிடிச்சுக்க ஒண்ணுமில்லைன்னு கயிறு கட்டிவிட்டேன். அது குத்தமா?"

"எதால போட்டீங்க?"

மூலையில் கிடந்த பழைய கை டிரில்லைக் காலால் தள்ளிவிட்டான். முனை மழுங்கிக் கிடந்தது. ரீட்டா அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"போட்டப்புறம் நாரெல்லாம் நீட்டிக்கிட்டு இருந்துச்சே, எதுவும் பூசலையா?"

"எதுக்குப் பூசணும்? கயிறு போனாப் போதாதா?" அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "கீல் பக்கம் நான் கையே வைக்கல. கீல் மாட்டிக் குடுத்தது ஸ்டான்லி பட்டறையிலதேன். எங்க சங்கத்து ஜீப்பு பதினஞ்சுக்கும் ஒரே நாள்ல வாங்குனோம். இந்தா நிக்கிதே, இதுக்கும் அன்னைக்கு வந்த கதவுதேன். பாத்துக்க!"

ஷெட்டுக்குள் நின்ற இரண்டாவது ஜீப்பின் பின்கதவை ரீட்டா திறந்தாள். ஒரு கீலைக் கழற்றச் சொன்னாள். திட்டிக்கொண்டேதான் கழற்றினான். உள்பக்கம் ஓட்டை சுத்தமாக இருந்தது. சுரண்டினால் பெயிண்டுக்கு அடியில் நேராகப் பலகை. பூச்சும் இல்லை, வெள்ளை வளையமும் இல்லை.

வீரணனுக்குத் தலை சுற்றியது. காரில் ஏறியதும் ஆரம்பித்தான்.

"ஒரே பட்டறை, ஒரே நாளு, ஒரே பெயிண்ட். ஒரு கதவு யோக்கியன், ஒரு கதவு அயோக்கியன். விஜயகுமார் தாடியை மறைக்கவே இல்ல, வெக்கங்கெட்டுத் தொங்க விட்டிருக்கான். ஆனா கீல் ஓட்டைக்கு மட்டும் எவனோ மாவு பூசிப் பட்டி பார்த்து, மேல பெயிண்ட்டும் அடிச்சிருக்கான்."

"ஏன் மறைச்சான்?"

"அது தப்புன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"விஜயகுமாருக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும்?"

வீரணன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தான். காலையில் படர்தாமரையையும் கொப்புளத்தையும் பாடம் நடத்தியவன் ஒருவன்தான். "அப்ப ஸ்டான்லிதானா? ஆனா கட்டை வைக்காமப் போட்டிருந்தா எல்லாக் கதவும்ல கெட்டிருக்கணும்? இந்தக் கதவு எப்படித் தப்பிச்சது?"

"அதுதான் எனக்கும் புரியல," என்றாள் ரீட்டா.

சின்னமனூரில் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு வரத் தாமதமானது. மேசை ஓரத்தில் நறுக்கி அடுக்கியிருந்த வாழை இலைகளில் பாதி, மேசையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கை சும்மா இருக்காத வீரணன், பேனாவால் அந்த அடுக்கைக் குத்தினான். மறுபடி குத்தினான்.

"ஏப்பா, சாப்பிடுற இலையை எதுக்குக் குத்துற? உனக்கு வேற வேலை இல்ல?" என்று கல்லாவிலிருந்து கடைக்காரர் கத்தினார்.

"மன்னிச்சிருங்கண்ணே. ரசம் ஓடிப்போக வழி பண்ணுனேன்."

ரீட்டா இலைகளைத் தன் பக்கம் இழுத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். மேல் இலையில் பேனா முனை அளவுக்கு வட்டமான ஓட்டை. அதற்கடுத்த இலைகளிலும் அப்படியே. கடைசி இலை மட்டும் நரம்போடு கிழிந்து, கோணல்மாணலாக வாய் பிளந்திருந்தது.

அவள் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீரணனும் பார்த்தான். பேனாவைக் கீழே வைத்தான்.

"அடுக்கி வச்சு ஒரே குத்தாப் போட்டிருக்கான்," என்றான் மெதுவாக. "மேல இருக்கிற கதவுக்கெல்லாம் அடுத்த கதவே முட்டு. கடைசிக் கதவுக்கு மட்டும் ஒண்ணுமில்ல."

"ஒரு அடுக்குக்கு ஒரு கெட்ட கதவு. மொத்தம் எத்தனை அடுக்கோ!" ரீட்டா எழுந்துவிட்டாள். "தோட்டத்து ஜீப்பெல்லாம் எப்ப எறங்கும்?"

"சாயங்காலம்." அவனும் எழுந்தான். அப்போதுதான் சோறு வந்தது.

---

ஷட்டருக்குள் குனிந்து நுழைந்ததும் ஸ்டான்லி ஆவலாக வந்தான். "என்ன மேடம், விஜயகுமார் மாட்டிக்கிட்டானா?"

"ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. மெஷின்ல எத்தனை கதவு பிடிக்குமோ, அத்தனையையும் ஒண்ணுமேல ஒண்ணா வைங்க."

"எதுக்கு?"

"வைங்க."

அவன் வைக்கவில்லை. ரீட்டாவே ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தாள். வீரணன் கைகொடுத்தான். மெஷின் பல்லில் பூட்டியிருந்த நீளமான டிரில் பிட், ஐந்தாவது கதவுக்கு மேலே விரல் நுழைகிற இடைவெளியில் நின்றது.

"ஒரு கதவுக்கு ஓட்டை போட எதுக்கு இவ்வளவு நீளமான பிட்?" என்றாள். "சரி. இப்ப அடியில அந்த மரக்கட்டையை வச்சுக் காட்டுங்க."

கட்டை நுழைய இடமில்லை. ஐந்து கதவை வைத்தால் கட்டைக்கு உயரம் இல்லை. கட்டையை வைத்தால் ஐந்து கதவு நிற்காது.

ஸ்டான்லியின் பேச்சில் மரியாதை போய்விட்டது.

"நான் உன்னையக் கூப்பிட்டது எனக்காகப் பேச."

"நீங்க கூப்பிட்டது கதவைப் பாக்க. பாத்துட்டேன்."

"ஜீப்புக்காரனுக சங்கம் அவசரம் அவசரம்னு உயிரை வாங்குனானுக. ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டிருந்தா ஆர்டரு போயிருக்கும். பட்டி பார்த்தாச்சு, பெயிண்ட் அடிச்சாச்சு, தாங்கும்னு நெனச்சேன்."

"காலையில எங்களுக்குச் சொன்னீங்களே, தண்ணி போகும், உப்பும், பிச்சுக்கிட்டு வரும்னு. அது தெரிஞ்சுமா நெனச்சீங்க?"

அவன் பாய்ந்து ஷட்டரை இழுத்து மூடப் போனான். வீரணன் காலை நடுவில் நீட்டினான். ஷட்டர் அவன் கணுக்காலில் இறங்கியது. "அம்மா!" என்று அலறினாலும் காலை எடுக்கவில்லை.

"இங்கேருந்து ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா…" என்று ஸ்டான்லி தொடங்கினான்.

"மூணு அடுக்கு. மூணு கதவு."

சொன்னது கிளாரா. கையில் உப்புத்தாளோடு நடுவில் வந்து நின்றாள்.

"கிளாரா, உள்ள போ!"

"நாந்தேன் பட்டி பார்த்தேன். நாந்தேன் பேரு எழுதுனேன்." அவள் ரீட்டாவை மட்டும் பார்த்துப் பேசினாள். "மலைராணி, சந்தனமாரி, அந்தோணியார். மலைராணி விழுந்த அன்னைக்கே மத்த ரெண்டையும் திரும்ப வாங்கிருவோம்னு இவுககிட்ட அழுதேன். வாங்குனா நாமளே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னாக. இன்னைக்கும் அந்த ரெண்டு வண்டியும் மலைக்குத்தேன் போயிருக்கு."

ஸ்டான்லி அவளை அறையக் கை ஓங்கினான். வீரணன் நொண்டிக்கொண்டே அவன் கையைப் பிடித்து முறுக்கி, மெஷின் மேல் சாய்த்தான்.

கிளாரா தன் போனிலிருந்து டிரைவர்களைக் கூப்பிட்டாள். பெயர் எழுத வந்தபோது வாங்கி வைத்த நம்பர்கள். சந்தனமாரி இன்னும் எஸ்டேட் கேட்டைத் தாண்டவில்லை. கதவைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன் என்றான் டிரைவர். அந்தோணியார் ஓட்டுகிற ஜோயலின் போன் மணி அடிக்கவே இல்லை. மலையில் டவர் கிடைக்கவில்லை.

"போலீஸ் வர்ற வரைக்கும் நான் வாசல்லயே இருக்கேன்," என்றாள் கிளாரா. "நானும் இவுக கூடப் போகணுமே. பட்டி பார்த்தது நான்தானே."

ஸ்டான்லியை உள்ளே விட்டு வெளியில் பூட்டி, சாவியைத் தெருமுனையில் நின்ற பைக்குக்காரர்களிடம் கொடுத்தாள் ரீட்டா. "ஆள் உள்ள இருக்கான். போலீஸ் வர்ற வரைக்கும் யாரும் அவன் மேல கை வைக்கக் கூடாது. வச்சா உங்களையும் சேர்த்து எழுதிக் குடுப்பேன்." காலையில் கல்லெறிந்தவன் சாவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

கார் கிளம்பியதும் ஸ்டேஷனுக்குப் பேசினாள். அடுத்து நல்லகண்ணுவுக்கு.

"ஸ்டான்லிதான். ஓட்டை அவன் பட்டறையிலயே கெட்டது. அதே மாதிரி இன்னொரு கதவு மலையிலருந்து எறங்குது. அந்தோணியார். நாங்க தேனியிலருந்து வந்துக்கிட்டிருக்கோம், எங்களால முந்த முடியாது."

"எந்தப் பாதையில?" என்றான் நல்லகண்ணு. ரீட்டா சொல்லி முடிப்பதற்குள் பைக் உதைபடும் சத்தம்.

---

அவர்கள் மலைப்பாதையில் ஏறியபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஒரு வளைவில் வண்டிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நல்லகண்ணுவின் பைக் ரோட்டின் குறுக்கே படுத்துக் கிடந்தது. அதற்கு முன்னால் ஜீப். நெற்றியில் 'அந்தோணியார்'.

"எந்தா இது! பைத்தியக்காரனா நீ?" ஜோயல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். "உன் தங்கச்சி விழுந்தா ஊர்ல உள்ள வண்டியெல்லாம் நிறுத்துவியா? கதவு நல்லாத்தேன் இருக்கு. என் வண்டியைத் தொட்ட, கை இருக்காது பாத்துக்க!"

ஜீப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களும் அவன் பக்கந்தான். பின்கதவில் சாய்ந்திருந்தவள் பெயர் அக்கம்மாள். ஏலக்காய் வாசம் அடிக்கும் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டியிருந்தாள். ரீட்டா போய் இறங்கச் சொன்னதும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"நீ கார்ல வந்துட்ட. கார்ல போயிருவ. நாங்க வீட்டுக்குப் போயி உலை வைக்கணும், தண்ணி பிடிக்கணும். எறங்கு எறங்குன்னா எங்கிட்டுப் போறது? உன் முதுகுல ஏத்திக்கிட்டுப் போவியா?"

"எறங்க வேணாம். முதுகை மட்டும் கதவைவிட்டு எடுங்க."

முனகிக்கொண்டே அக்கம்மாள் முன்னால் நகர்ந்தாள்.

நல்லகண்ணு யாரிடமும் கேட்கவில்லை. பம்பரில் ஒரு காலை வைத்து, கதவின் மேல்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். கதவு அசையவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரன் சிரித்தான். ஜீப்புக்குள்ளும் ஒருத்தி சிரித்தாள். ஜோயல் அவன் தோளைப் பிடித்துத் தள்ள வந்தான். வீரணன் நடுவில் புகுந்து அந்த அடியை வாங்கிக்கொண்டான்.

நல்லகண்ணு மறுபடி இழுத்தான்.

முதலில் ஒரு நெறிப்புச் சத்தம். பிறகு ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி நீளமான ஒரு சத்தம். கீல் ஜீப்போடு நின்றுவிட்டது. கதவு நல்லகண்ணுவின் கையோடு வந்தது. கதவோடு சேர்ந்து அவன் மல்லாந்து ரோட்டில் விழுந்தான்.

ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன.

கீல் இருந்த இடத்தில் பச்சைப் பூச்சு உதிர்ந்து, தண்ணீர் குடித்து உப்பிய நார் கற்றையாகத் தொங்கியது. கதவு இருந்த இடத்தில் இப்போது வெறும் காற்று. அதற்கப்பால் ரோட்டின் விளிம்பு, அதற்குக் கீழே பள்ளம், வெகு ஆழத்தில் கம்பத்துத் தோப்புகள்.

"இதுலயா நான் சாஞ்சு தூங்கிக்கிட்டு வந்தேன்?" என்றாள் அக்கம்மாள்.

ஜோயல் ரோட்டோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நல்லகண்ணு உடனே எழவில்லை. கதவை நெஞ்சின் மேல் போட்டபடி கிடந்தான். கிழிந்த ஓரத்தில் விரலை விட்டு அந்த நாரைத் தொட்டுப் பார்த்தான். வீரணன் கைகொடுக்கப் போனான். அவன் பிடித்துக்கொள்ளவில்லை. தானாக எழுந்து கதவைத் தோளில் தூக்கினான்.

"இதையும் எங்க கூடத்துலதேன் வைப்பேன்," என்றான் ரீட்டாவிடம். "உன் ஆளு வந்து கேக்கட்டும்."

"அவன் இப்ப என் ஆளு இல்ல. போலீஸ் கூட்டிட்டுப் போயிருக்கும்."

"காலையில இருந்தான்ல?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கதவைச் சுமந்தபடி இறங்க ஆரம்பித்தான்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக ஜீப்பிலிருந்து குதித்தார்கள். இன்னொரு வண்டி அனுப்புகிறேன் என்று ஜோயல் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தூக்குவாளிகளையும் பைகளையும் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். அக்கம்மாளுக்கு முழங்கால் வலி போலிருக்கிறது, பின்தங்கி நொண்டினாள்.

ரீட்டா காரின் பின்கதவைத் திறந்து பிடித்தாள். "ஏறுங்க. ஊர்ல விட்டுர்றேன்."

அக்கம்மாள் நின்றாள். காரை மேலும் கீழும் பார்த்தாள். திறந்திருந்த கதவை இரண்டு கையாலும் பிடித்து, பலங்கொண்ட மட்டும் ஒரு உலுக்கு உலுக்கினாள். கதவு அசையாமல் நின்றது. கீலை விரலால் தடவிப் பார்த்தாள். பெயிண்ட்டை நகத்தால் சுரண்டினாள்.

பிறகு கதவைத் தானே சாத்திவிட்டு, சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, மற்றவர்களுக்குப் பின்னால் நடந்து போனாள்.